ஒரு வீதி, இரண்டு கவுன்சில்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், கவுன்சில் அலுவலகத்தின் முன் கவுண்டரில் நான் பதினேழு வருடங்கள் இருந்தேன். குப்பைத் தொட்டி களவு போனவர்கள், பக்கத்து வீட்டு மரம் கூரையில் சாய்ந்தவர்கள், நாயைப் பதிய வந்தவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தில்தான் விழிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவளுக்கு இது பெரிய உத்தியோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஊர் எப்படி நடக்கிறது என்பதை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துதான் அறிந்துகொண்டேன். மேல்மாடியில் இருந்தவர்களால் அது நடக்கவில்லை என்பதையும்தான்.

எங்கள் கவுன்சிலின் எல்லை ஒரு வீதியின் நடுக்கோட்டில் ஓடியது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அடுத்த கவுன்சில். எங்கள் பக்கத்தில் பழைய செங்கல் அடுக்குமாடிகள், எதிர்ப் பக்கத்தில் கத்தோலிக்கத் தேவாலயமும் பஸ் தரிப்பும். நடுவே நாள் முழுதும் லொறிகள். கடப்பதற்கு ஒரு வெள்ளைக்கோடு கூடக் கிடையாது.

அந்த அடுக்குமாடி ஒன்றில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அன்ரி இருந்தார். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு நாளும் காலைப் பூசைக்கு அந்த வீதியைக் கடப்பார். ஒரு பாதசாரிக் கடவை போட்டுத் தாருங்கள் என்று எங்களிடம் கேட்டார். வீதியின் பாதி எங்களுடையது அல்ல, மற்றக் கவுன்சில் சம்மதிக்க வேண்டும் என்று நாங்கள் பதில் எழுதினோம். மற்றக் கவுன்சிலுக்கு எழுதினார். அவர்களும் அதையே எழுதினார்கள். எங்கள் பக்கத்துக் கடிதங்களைத் தட்டச்சு செய்து, "தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று முடித்தவள் நான்தான். ஆறு வருடத்தில் அவருக்குப் பத்துத் தடவையாவது நன்றி சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் கவுன்சில்களை ஒன்றாக்கும் காய்ச்சல் வந்தது. சிறிய கவுன்சில்களால் தாக்குப்பிடிக்க முடியாது, பெரிதாக்கினால் எல்லாம் நேராகிவிடும் என்று மாநில அரசின் மேலிடத்தில் முடிவு செய்தார்கள். ஒரு வியாழக்கிழமை மதியம், நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் முடிவதற்குள் எங்கள் கவுன்சில் இல்லாமல் போய்விட்டது. மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் எல்லோருக்கும் பதிலாக ஒரேயொரு நிர்வாகியை நியமித்திருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அன்ரி கவுண்டருக்கு வந்தார். முகம் எல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, இனி ரெண்டு பக்கமும் ஒரே ஆக்கள்தானே?"

"ஓம் அன்ரி."

"அப்ப மற்றவையின்ர பக்கம் எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது."

"சொல்லேலாது அன்ரி."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதிய கவுன்சில் செய்த முதல் வேலை, பழைய கவுன்சில்களில் நிலுவையில் இருந்த கோரிக்கைகள் எல்லாவற்றையும் முடிந்ததாகக் குறித்து மூடியது. புதிய கணினி முறையில் எல்லோரும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். இரண்டாவது வேலை, எங்களை ஒரு கிளப்பின் விருந்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனது. சொக்ஸ் போடாமல் சப்பாத்துப் போட்டிருந்த ஒரு ஆலோசகர் எங்கள் கையில் வண்ணத் தாள்களைத் தந்து, "நம்முடைய புதிய கவுன்சில் ஒரு மிருகம் என்றால், அது எந்த மிருகம்?" என்று கேட்டார். படித்த, பிள்ளை பெற்ற, வீட்டுக்கடன் கட்டுகிற மனிதர்கள் குனிந்து "டொல்பின்" என்றும் "கழுகு" என்றும் எழுதினார்கள். வீதி திருத்தும் பிரிவிலிருந்து வந்த ஒரு கிழவர் மட்டும் எதுவும் எழுதாமல் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் சுயமரியாதையோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் "யானை" என்று எழுதினேன்.

சின்னம் வரைய மாதக்கணக்கானது. கடைசியில் நீலத்திலும் பச்சையிலும் ஒரு வளைந்த கோடு வந்தது. அது எங்கள் ஆற்றைக் குறிக்கிறது என்றார்கள். எங்கள் பகுதியில் ஆறே கிடையாது. சீமெந்தால் கட்டிய மழைநீர்க் கால்வாய் ஒன்று உண்டு. அதற்குள் சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிகள் கவிழ்ந்து கிடக்கும்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. முந்திய மேயருக்குப் பொன்னாடை போர்த்திய அதே தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள், ஹரிஸ் பார்க்கில் வாங்கிய லட்டுப் பெட்டியோடு புதிய நிர்வாகியைப் பார்க்க வந்தார்கள். கடவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

"தங்கச்சி, முதல் சந்திப்பிலயே குறை சொல்லக்கூடாது" என்றார்.

இரண்டாம் சந்திப்பிலும் மூன்றாம் சந்திப்பிலும் அவர்கள் படம்தான் எடுத்தார்கள்.

ஒரு காலையில், பூசை முடிந்து திரும்பும்போது, அவசரமாக வந்த ஒரு கார் அங்கிளின் சக்கர நாற்காலியின் கால்மிதியை இடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கிளுக்குக் காயமில்லை. கால் அப்போது தற்செயலாக மடங்கியிருந்தது. கார் நிற்கவேயில்லை. அன்ரி அன்றைக்கே கவுண்டருக்கு வந்தார். அழவில்லை. வளைந்துபோன அந்தக் கால்மிதி இரும்பை ஒரு ஷொப்பிங் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உங்கட பெரியவரிட்ட நான் கதைக்க வேணும். எங்க கதைக்கிறது?"

மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் மூன்று நிமிடம் பேசலாம் என்றேன். தன்னுடைய ஆங்கிலம் சலவை அறைக்குப் போதும், சபைக்குப் போதாது, நீ வந்து மொழிபெயர் என்றார். என் மேலாளரிடம் அனுமதி கேட்டேன். ஊழியர்கள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றாள் அவள். நடுவில் நின்றதால்தான் அங்கிளை இடித்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் போனேன்.

அந்தக் கூட்டம் போல ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. முன்பு பன்னிரண்டு பேர் ஆளை ஆள் திட்டிக்கொண்டிருந்த மண்டபத்தில் நிர்வாகி ஒருவர் மட்டும் நடுக்கதிரையில் இருந்தார். தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார், எதிர்ப்பவர்கள் உண்டா என்று அவரே கேட்டார், காலிக் கதிரைகளை இடமும் வலமும் பார்த்தார், ஏகமனதாக நிறைவேறியது என்று அவரே அறிவித்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக் கூட இல்லை. செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அன்ரியின் முறை வந்தது. இரும்பை மேசையில் வைத்தார்.

"ஐயா, முந்தி ரோட்டின்ர பாதி உங்கட இல்லை எண்டினம். இப்ப முழு ரோட்டும் உங்கட. இனி என்ன சொல்லப் போறீங்கள்?"

நான் மொழிபெயர்த்தேன். நிர்வாகி அந்த இரும்பைப் பார்க்கவில்லை, மேசையின் மெருகைப் பார்த்தார். அன்ரியின் துணிவைப் பாராட்டினார். எங்கள் பகுதியின் பல்லினப் பண்பாட்டைப் பாராட்டினார். விடயம் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோகப்படும் என்றார்.

"என்னவாம் பிள்ளை?"

"யோசிப்பினமாம், அன்ரி."

"இதைச் சொல்ல இவ்வளவு கதையோ!"

அதிகாரிகள் யோசித்தார்கள். அந்த இடத்தில் எத்தனை பேர் வீதியைக் கடக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அதைப் பாடசாலை விடுமுறையில், மழை பெய்த ஒரு வாரத்தில் எடுத்தார்கள். மிகச் சிலரே கடக்கிறார்கள், ஆகவே கடவை தேவையில்லை என்று அறிக்கை வந்தது. கடக்கப் பயந்து யாரும் கடக்காத இடம், கடப்பார் இல்லாத காரணத்தால் பாதுகாப்பான இடமாகிவிட்டது. பட்டம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்ரி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தார். படிவத்தை நான்தான் நிரப்பினேன். இரண்டாவது கணக்கெடுப்பு எந்தச் செவ்வாய்க்கிழமை என்பது அலுவலகத்தின் உள் நாட்காட்டியில் இருந்தது. அதை அவரிடம் சொன்னது குற்றம். சொன்னேன்.

அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். பளிச்சிடும் மேற்சட்டை போட்ட ஒரு இளைஞன் மடிப்புக் கதிரையில், கையில் எண்ணும் கருவியோடு இருந்தான். காலைப் பூசை முடிந்ததும் செபமாலைக் குழுப் பெண்கள் கூட்டமாகக் கடந்தார்கள். கடந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பிக் கடந்தார்கள். அன்ரி சொல்லி வைத்திருந்ததால், லிட்கம்மிலிருந்து அவருடைய பழைய சலவைப் பகுதித் தோழிகள், ஒரு கொரியப் பெண்ணும் ஒரு லெபனான் பெண்ணும், வந்து சேர்ந்தார்கள். நெற்றியில் திருநீற்றோடு நானும் செபமாலைக்காரருக்கு நடுவில் நடந்தேன். லொறிகள் ஹோர்ன் அடித்தன. ஒரு சாரதி எங்கள் எல்லோரையும் வந்த நாட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னான்.

"அதுக்கும் இந்த ரோட்டைக் கடந்துதானே பஸ் பிடிக்க வேணும்!" என்றார் அன்ரி தமிழில், அங்கிளைத் தள்ளிக்கொண்டே.

பத்து மணியளவில் அந்த இளைஞனுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தான். கவுண்டரில் என்னைப் பார்த்த ஞாபகம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கருவியை அமத்திக்கொண்டே இருந்தான். விரல் வலித்திருக்கும். மதியம் அன்ரி அவனுக்கு மீன் கட்லட் கொடுத்தார்.

கடவை வந்தது. அதைத் திறக்க நாடா கட்டினார்கள். வெள்ளைக்கோட்டுக்கு நாடா! நிர்வாகி கத்தரிக்கோலோடு நின்று, கவுன்சில்கள் ஒன்றானதன் முதல் நற்பலன் இது என்றும், ஒரு பெரிய கவுன்சிலால் மட்டுமே இது முடிந்தது என்றும் பேசினார். சங்கத்துப் பெரியவர்கள் இன்னொரு பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். அன்ரியை யாரும் அழைக்கவில்லை. பூசைக்குப் போகிற நேரமானதால் அவர் வந்தார். படம் எடுப்பவர், சக்கர நாற்காலி பின்னணியில் நன்றாக இருக்கும், கொஞ்சம் நிற்க முடியுமா என்று கேட்டார்.

"பூசைக்கு மணி அடிச்சிட்டுது" என்று அன்ரி என்னிடம் சொன்னார். நாடாவைக் கையால் உயர்த்தி, அங்கிளைக் குனியச் சொல்லி, அதன் கீழால் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நிர்வாகி பிறகுதான் வெட்டினார். செய்தி மடலில் வந்த படத்தில் அவர் தனியாக, மிகுந்த மகிழ்ச்சியோடு இருக்கிறார்.

அங்கிள் அதை ஒன்பது மாதம் பயன்படுத்தினார். அடுத்த குளிர்காலத்தில் காலமானார். அவரது உடலைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோன அன்று அந்தக் கடவையில் லொறிகள் நின்றன.

எனக்கு என்ன நடந்தது என்றால், ஒரு தண்டனையும் நடக்கவில்லை. நான் செய்ததைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அங்கே ஒருவரும் தங்கள் வேலையைக் கவனிக்கவில்லை. எல்லோரும் தங்கள் பழைய வேலைக்கே மீண்டும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். நானும் விண்ணப்பித்தேன். மாற்றத்தை வரவேற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றேன். வேலை கிடைக்கவில்லை. கவுண்டர் இருந்த இடத்தில் இப்போது தொடுதிரை ஒன்று நிற்கிறது. சென்ற மாதம் குப்பைத் தொட்டி மூடி உடைந்து போய் அதன் முன்னால் நின்றேன். என் பிரச்சினை எந்த வகை என்று கேட்டது. ஆறு வகை காட்டியது. மூடி எதிலும் இல்லை.

இப்போது கவுன்சிலைத் திரும்பவும் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். போன வாரம் என் வீட்டுக்கதவையும் தட்டினார்கள். பிரித்தால் எல்லாம் நேராகிவிடும் என்றார் ஒருவர். புதிய எல்லை எந்த வீதியால் போகும் என்று கேட்டேன். அதை இன்னும் தீர்மானிக்கவில்லை என்றார். கதவைச் சாத்திவிட்டு அன்ரிக்குப் போன் எடுத்தேன்.