இரண்டு மாலைகளுக்கு நடுவே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், துபாயில் வேலை பார்த்த என் நண்பன், ஊருக்கு வந்த ஒருவர் கையில் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினான். கூடவே ஒரு கடிதம். 'தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கெடைக்கல. அம்மாவ ஒரு படமாவது எடுத்து அனுப்புலே. முகத்தப் பாத்து நாலு வருசமாச்சு.'

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். கேமராவைத் தொட்டதுகூட இல்லை. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. கிளை, கதவு, ஜன்னல் என்று பக்கத்தில் இருக்கும் எதையாவது ஓரங்களில் நிறுத்தி, தூரத்தில் இருப்பதை அதற்குள் அடக்கிக் காட்டும் படங்கள் அதில் இருந்தன. பார்க்க ஆசையாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், வேப்பங்கிளைகளின் இடைவெளியில் கோபுரத்தை எடுத்தேன்.

படத்தைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் நிதானமாகக் கேட்டார்: "கோவுரத்த எடுத்தியளா, வேப்பமரத்த எடுத்தியளா?"

இலைகள் ஒவ்வொன்றும் தெளிவு, கோபுரம் கலங்கல். லென்ஸ் வளையத்தைக் கிளைக்குத் திருப்பி வைத்திருந்திருக்கிறேன். மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் எடுத்து எடுத்துப் பழகி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த பிறகுதான் புத்தி வந்தது. பக்கத்தில் இருப்பது நிழலில் இருக்க வேண்டும், வளையம் தூரத்தில் இருப்பதற்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று பெரியம்மா, அதாவது நண்பனின் அம்மா, மணமேடைப் பக்கமே வரவில்லை. கணவரை இழந்தவர். விடிந்ததிலிருந்து, கல்யாணச் சாமான்கள் வைத்திருந்த உக்கிராண அறையில் தேங்காயும் பழமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் படம் கேட்டிருப்பதைச் சொல்லி இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன்.

"நான் எதுக்குய்யா அங்க? பிள்ளைய நல்லா எடு, போ."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே ஏறி நின்று போட்டோவுக்குச் சிரிக்கிறது, பெற்றவளுக்கு மட்டும் இடமில்லை. தனியாக அறைக்குள் வைத்து எடுக்கலாம் என்றால், கேமராவைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பனுக்கு என்ன பதில் எழுதுவது?

தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு பேரின் தோள்களும் மாலைகளும் என் முன்னால் இருட்டாகத் தெரிந்தன. அந்த இடைவெளிக்கு நேரே, கூடத்தின் மறுகோடியில், உக்கிராண வாசல். முற்றத்து வெயில் விழுந்த அந்த வாசலில் பெரியம்மா நின்றிருந்தார். வளையத்தை அவர் முகத்துக்குத் திருப்பினேன். என்னைப் பார்த்துவிட்டார். உள்ளே போய்விடுவார் என்று பயந்தேன். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அமுக்கினேன்.

மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில், சிரித்த முகமாக, பெரியம்மா. அந்தப் படத்தைத் தலைமாட்டில் ஒட்டி வைத்திருப்பதாக நண்பன் எழுதினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் என் சாமர்த்தியத்தைச் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் பெரியம்மாவிடமே போய், அவர் உள்ளே போவதற்குள் எப்படிப் பிடித்தேன் என்று அளந்தேன்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ அங்கன நின்னு தேடுனத உள்ள இருந்து பாத்தேன். கதவு மறைச்சுது. அதான் வாசலுக்கு வந்து நின்னேன். எம்புள்ள பாக்கணும்லய்யா."