தெரு சுற்றிய தங்கச் செயின்

போன சித்திரையில் நடந்தது இது. ராஜபாளையத்தை ஒட்டிய செட்டியார்பட்டியில், பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோடு எங்கள் தெருவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இறங்கியது. காதுக்குக் கீழே புடைத்துக்கொண்டு, வாய்க்குள் போண்டாவை ஒளித்து வைத்த மாதிரி பிள்ளைகள் அலைந்தார்கள். நான் சும்மா இருப்பேனா?

"ஏலே, ஒரு பக்கம்தான் வந்திருக்கு. மறுபக்கம் எப்ப டெலிவரி?" என்று கேட்டு அழவிடுவேன். அப்புறம் அவர்கள் அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். மீதி நேரத்தில் கேபிள் டிவிக்கு வயர் இழுக்கிற வேலை. படிப்பும் நானும் பத்தாவதோடு பிரிந்துவிட்டோம். அதில் இரண்டு பேருக்குமே வருத்தமில்லை.

பேரிலேயே பொன் இருக்கிறதால், வீங்கின பிள்ளை கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆனால் இப்போது யார் வீட்டில் தங்கம் இருக்கிறது? பாதி பேங்கில் தூங்குகிறது. தெருவில் தைரியமாக வெளியே வந்தது என் அத்தையின் செயின் ஒன்றுதான். யார் கேட்டாலும் கொடுப்பார். ஒரே நிபந்தனை, செயின் போகிற வீட்டுக்கு அத்தையும் போய், அது திரும்புகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மனசும் தங்கம்தான், இருந்தாலும் செயின் அசல் தங்கமாயிற்றே!

கொஞ்ச நாளில் தாய்மார்கள் ஒருபடி மேலே போனார்கள். வருமுன் காக்கிறோம் என்று வீங்காத பிள்ளைக்கும் போடச் சொன்னார்கள். வீங்கின கழுத்திலிருந்து கழற்றி நேராக வீங்காத கழுத்துக்கு. செயினில் இலை மாதிரி ஒரு டாலர் தொங்கும். எந்தப் பிள்ளையானாலும் டிவி முன்னால் உட்கார்ந்தால் டாலர் வாய்க்குள் போய்விடும். பக்கத்தில் இருக்கிற அத்தைக்கும் கண் சீரியலில்தான், அதைக் கவனிக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மேடம் வந்தார். ஜனங்களுக்குள்ளே நோய் எப்படிப் பரவுகிறது, எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்ச்சி பண்ணுகிற மாணவி. எல்லா வீடும் தெரிந்தவன் என்பதால் சுகாதார நர்ஸ் அக்கா என்னை வழிகாட்டியாகக் கூட அனுப்பிவிட்டார். யாருக்கு எப்போது வீங்கியது, அதற்கு முந்தின வாரங்களில் யாரோடு பழகினார்கள் என்றுதான் மேடம் எல்லா வீட்டிலும் கேட்டார். கிருமியை மட்டும் படித்தால் போதாதாம். யார் யாரோடு சேருகிறார்கள் என்பதைத்தான் இப்போதெல்லாம் விழுந்து விழுந்து ஆராய்கிறார்களாம்.

"எம் மவன் யார்கூடயும் சேரமாட்டான்மா" என்றார் ஒரு அம்மா. அப்போது அந்த மகன் எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் நாலு பேரோடு ஒரே ஐஸை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டிருந்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் சலித்துப்போய், "மேடம், எதுக்கு இம்புட்டுக் கேள்வி? எங்க அத்தை செயின் போன ரூட்டைக் கேளுங்க, அம்புட்டும் வந்துரும்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நின்றுவிட்டார்.

"என்ன செயின்?"

சொன்னேன். டாலர் சமாச்சாரம் வரைக்கும் சொன்னேன். அவர் ஒவ்வொரு வீடாகக் கைகாட்டி, செயின் வந்தது முந்தியா வீக்கம் வந்தது முந்தியா என்று கேட்டார். நாலைந்து வீட்டில் செயின்தான் முந்தி. நல்லா இருந்த பிள்ளைகள், செயின் போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து வீங்கியிருந்தார்கள். இடையில் அத்தனை நாள் ஓடிவிட்டதால் ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை.

"செயின்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. பிள்ளைங்க ஒண்ணா விளையாடுறாங்க, பேசுறாங்க, இருமுறாங்க. ஆனா இது எச்சில்ல பரவுற நோய். கன்னம் வீங்குறதுக்கு ரெண்டு நாள் முந்தியே பரவ ஆரம்பிச்சிடும். வளர்ந்த ஆம்பளைங்களுக்கு வந்தா சில பேருக்குக் கன்னத்தோட நிக்காது, விதையும் வீங்கும். அது ரொம்பக் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அன்றைக்குச் சாயங்காலம் அத்தை அந்தச் செயினைத் தன் மகனுக்குப் போடுவதாக இருந்தார்.

அத்தை மகன், அதாவது என் மச்சான், மிலிட்டரியில் இருக்கிறான். பெண் தேடித் தேடி ஓய்ந்து, ஒருவழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அமைந்தது. வைகாசியில் கல்யாணம், மூன்று வாரம்தான் இருந்தது. சின்ன வயதில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததேயில்லை. இப்போது வந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அத்தைக்குப் பயம். முகூர்த்தத்தைத் தள்ளவும் முடியாது, தள்ளினால் லீவு முடிந்துவிடும்.

நானும் மேடமும் அவசரமாக அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தை அடுத்த வீட்டுப் பையனிடமிருந்து செயினைக் கழற்றிக்கொண்டு அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். மச்சான் நாற்காலியில் சமர்த்தாகக் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். எல்லையில் துப்பாக்கி பிடிக்கிறவன்தான், அம்மா முன்னால் அப்படித்தான்.

மேடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். கிருமி என்றார், நீர்த்துளி என்றார், தொற்று என்றார். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நீ படிச்ச பிள்ளை, சொல்லுத தாயி. ஆனா தங்கத்துல நோய் எங்க ஒட்டும்? அது துருக்கூடப் பிடிக்காதே! செத்த நேரம் இரு, காப்பி போடுதேன்" என்றபடியே கொக்கியைத் திறந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அத்தே, அடுத்த வீட்டுக்காரன் காலையிலருந்து அந்த டாலரைத்தான் சப்பிக்கிட்டு இருந்தான். நேத்து கடைசி வீட்டுப் பாப்பா. தெரு எச்சியெல்லாம் சேத்து மாப்பிள்ளை கழுத்துல போடுதீகளே, நல்லாவா இருக்கு?"

"எச்சியா?"

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. அத்தை யார் வீட்டில் காப்பி குடித்தாலும் அண்ணாந்துதான் குடிப்பார். நான் வாய் வைத்த தம்ளரை மூன்று தடவை தேய்க்காமல் உள்ளே எடுக்க மாட்டார். இப்போது செயினைப் பல்லி வாலைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார். மச்சான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டான்.

"அட எச்சிப் பயலுகளா! ஏலே, இதை ஏம்லே இம்புட்டு நாளாச் சொல்லல?"

செயின் கொதிக்கிற தண்ணீருக்கும் போய், சீயக்காய்க்கும் போய் வந்தது. மேடம் என்னைப் பார்த்து, "நானும் எச்சில்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்ககிட்ட சொல்லத் தோணவே இல்லை" என்றார். பிறகு போன வீடுகளில் எல்லாம் கிருமியை விட்டுவிட்டு எச்சியில்தான் ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னார். செயினை நிறுத்தச் சொல்லவே இல்லை. வீங்கின பிள்ளை மட்டும் போடட்டும், போட்ட பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

அத்தை அதைச் சட்டமாக்கிவிட்டார். "செயின் வாசப்படி தாண்டப்படாது. டாக்டர் சரின்னு சொன்ன பொறவுதான் கழுத்தை விட்டு இறங்கும். செயினுக்குக் காத்திருக்கிற வீங்கின பிள்ளையும் தாண்டப்படாது. தாண்டுனா காலை முறிப்பேன்." தங்கம் தொலையுமோ, தங்கள் முறை போய்விடுமோ என்ற பயத்தில் எந்த அம்மாவும் பிள்ளையைத் தெருவுக்கு விடவில்லை. புதிதாக வீங்குகிறவர்கள் குறைந்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வந்து போனதும் ஒரு காரணம் என்றார் மேடம். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் தன் சட்டம்தானாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பழைய சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். காதுக்கடியில் சுரீர் என்றது. கண்ணாடியில் பார்த்தேன், வீக்கம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைத் தோழன் நான். புதுச் சட்டை ஆணியில் தொங்கியது. ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று சட்டையை மாட்டியும் விட்டேன். ஆனால் வீங்குறதுக்கு முந்தியே என்று மேடம் சொன்னது காதிலிருந்து போகவில்லை. மண்டபத்தில் கைக்குழந்தைகள் இருக்கும். மச்சான் இருப்பான். ஒரு வாரமாகப் பத்திரிகை கொடுக்கவே சுற்றியதால் அவன் என் கண்ணில் படவில்லை, அதுவே பெரிய புண்ணியம்.

அத்தை வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றே விஷயத்தைச் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய்ச் செயினை எடுத்து வந்து வாசல் திண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"எடுத்துப் போட்டுக்கோ மருமவனே. சட்டம் தெரியும்ல?" என்றுவிட்டு உள்ளே திரும்பினார். அடுத்த நொடியே, "டாலரைச் சப்பாதல, ஆமா" என்றார்.

மறுநாள் ஊரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, கழுத்தில் தங்கத்தோடு, தாலி கட்டுகிறதைப் போனில் பார்த்தேன். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே சத்தம். நான் அழவிட்ட பிள்ளைகள் எல்லாரும், தங்களுக்கு ஏற்கெனவே வந்து போன தைரியத்தில் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல டெலிவரியா?"

என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை, வலித்தது. மச்சான் கொடுத்துவிட்ட பால்கோவா மட்டும் மெல்லாமலே இறங்கியது.

கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை. ஆனால் அதில் இருக்கிற ஒருத்தருக்கும் அதற்குப் பிறகு கன்னம் வீங்கவில்லை. ஒவ்வொரு தடவை புரட்டும்போதும், என் மச்சானுக்கு நான் வைத்த மொய் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.