கருப்பம்மா காலு விறைக்கல

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கருப்பம்மான்னு ஒருத்தி. கொழுந்து எடுக்கிறதுல அவள அடிச்சுக்க ஆளில்ல, வாயடிக்கிறதுலயுந்தான். புருசன் இல்ல, புள்ள இல்ல. வேல போனா தோட்டம் குடுத்த லயத்து வீடு, அந்த ஒத்தக் காம்பராவும் போயிரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரெண்டாம் வருசம் அவளுக்குக் கெண்டக்காலு புடிச்சு இழுக்க ஆரம்பிச்சிச்சு. மலையேறுறப்ப அப்பிடியே கட்டையா விறைச்சு நின்னுருவா.

"என்னாடி, சாமி செல மாதிரி நிக்கிற? ஒன்னய இழுக்கத் தேரு கொண்டாரணுமா?"ம்பாரு கங்காணி அழகையா. "இன்னொருக்கா நின்னா பேர வெட்டிருவேன், பாத்துக்க."

அந்த நேரம் பாத்துத்தான் டாக்டர் கனகரத்தினம் வந்து சேந்தாரு. யாழ்ப்பாணத்து ஆளு. இழுப்ப நிப்பாட்டுற புது மாத்திரைய வச்சு ஆராய்ச்சியாம். நம்ம சனம் அத 'ஆராச்சி'ன்னு கேட்டுப்புட்டு, சிங்கள ஊருத் தலைவரு ஆராச்சி மாத்தயாதான் வாறாருன்னு லயத்து வாசலெல்லாம் கூட்டி வச்சிருச்சு.

மாத்திரை கெட்டி மாத்திரை. இழுப்பு ஓடியே போச்சு. ஆனா அது நரம்பத் தின்னுருமோன்னு டாக்டருக்கே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். அதுக்காகத்தான் வாராவாரம் கேப்பாரு:

"கால் விறைக்குதோ?"

யாழ்ப்பாணத்துல விறைக்கிறதுன்னா உணர்ச்சி செத்துப் போறது. நாம அத மரத்துப் போச்சும்போம். நமக்கு விறைக்கிறதுன்னா கட்டையா நிக்கிறது. இத அவருக்கு யாரு சொல்றது?

"இல்லீங்கய்யா. விறைக்கவே இல்ல. பஞ்சாட்டம் இருக்கு."

"நல்லது. இன்னும் ஒண்டு கூடப் போடு."

செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம மலைக்கு வந்தா. பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு! "காதல் வந்தா கண்ணுதாண்டி தெரியாது. ஒனக்குக் காலுமா தெரியல?" அவளுஞ் சேந்து சிரிச்சா. வலி போனதுக்கு எவ அழுவா?

கடைசியில தேயிலைச் செடியக் கட்டையாத் தறிச்சு கவ்வாத்து வெட்டுன மலையில ஒரு குச்சி உள்ளங்கால்ல ஏறிருச்சு. அதோடவே நடந்து திரிஞ்சிருக்கா. ரத்தத்தப் பாத்துக் கத்துனது பக்கத்து நிரைக்காரி. தூக்கிட்டு வந்து டாக்டர் முன்னால போட்டாங்க.

அவரு ஊசிய எடுத்துக் குதிங்கால்ல குத்துனாரு. கருப்பம்மா அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா.

"விறைக்கேல்லை எண்டு சொன்னனியெல்லோ!"

"விறைக்கலீங்கய்யா. மரத்துல்ல போச்சு."

"எப்ப? எந்தக் கிழமை தொடங்கினது?"

"அதெல்லாம் யாருங்க பாத்தா?"

மனுசன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. அவளுக்காக இல்ல. "ஐயோ, தொடக்கம் தவறிப் போச்சே! இதுக்காகத்தானே இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்!"

"மாத்திரைய நிப்பாட்டிட்டா சரியாயிருங்களா?"

"செத்த நரம்பு செத்ததுதான்."

அவ எந்திரிக்கப் பாத்தா. பாதம் மடங்கிச்சு. மேசையப் புடிச்சுக்கிட்டா. "நாளைக்கிக் காலையில வேலைக்குப் பேரு போடுற பெரட்டுக்குப் போலாமுங்களா, ஐயா?"

அவரு ஊசியத் தொடச்சாரு. "மற்றக் காலை நீட்டு."

அதுக்குள்ள மலையில அழகையா அவ நிரைய வேறொருத்திக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாரு.