டிசம்பர் நெருப்பும் சி பிரிவும்

என் பெரியப்பா மகள் மங்கைக்கு வாசிக்கத் தெரியாது என்று 1952-இல் ஒரு கல்லூரி தீர்ப்புச் சொன்னது. எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும் என்று அதே கல்லூரி அதே நாளில் சொன்னது. இரண்டுமே பொய். மொரீஷியஸில் உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரி என்றுதான் சொல்வோம். எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அங்கே படித்தவர்கள் என் மேல்தான் கோபப்படுவார்கள்.

மங்கையின் அப்பா வீரசாமி பீனிக்ஸ் ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தார். அதனால் அந்த வீட்டில் கணக்கு என்றாலே ரயில் கணக்குதான். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன, எங்கே சந்திக்கும் என்று மங்கை வாய்விட்டுப் படித்தால், சோற்றில் கை வைத்தபடியே பெரியப்பா கேட்பார்:

"ஒரே லைன்ல வருதா? மோதுமா மோதாதா, அதை முதல்ல சொல்லு!"

அவள் சிரித்துக்கொண்டே விடையைப் போட்டுவிடுவாள். பக்கத்தில் நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கணக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. மங்கைக்கு ஒரே ஒரு ஆசை: பள்ளி முடிவில் வரும் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதித் தேறி, கணக்கு சொல்லித்தரும் மாம்ஸெல் ஆக வேண்டும். எங்கள் தெருச் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து இப்போதே மாம்ஸெல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் படிவம் முடிகிற நவம்பரில் எங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். இங்கிலீஷ் வாசிப்பு ஒரு தாள், கணக்கு ஒரு தாள். இரண்டையும் பார்த்துப் பிரிப்பார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். எங்கள் முட்டாள்தனம். பிரித்தது வாசிப்புத் தாளை மட்டும் வைத்து. வாசிப்பில் நல்ல நிலை என்றால் ஏ பிரிவு: அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, கேம்பிரிட்ஜ் பரீட்சை, பிறகு ஏதோ ஒரு அலுவலக நாற்காலி. சுமார் என்றால் பி, அங்கே பரீட்சை உண்டு, ஆனால் அதிர்ஷ்டமும் வேண்டும். பலவீனம் என்றால் சி. சி பிரிவில் அல்ஜீப்ராவே கிடையாது. தையல், சுகாதாரம், கூட்டல் கழித்தல். பரீட்சைக்குப் பெயரே அனுப்பமாட்டார்கள், ஏனென்றால் தோற்பவர்கள் கூடினால் பத்திரிகையில் கல்லூரியின் மானம் போய்விடும். ஒரு பிள்ளை எதில் கெட்டிக்காரி என்று கண்டுபிடிக்க வைத்த பரீட்சை இல்லை அது. யாரை ஒளித்துவைப்பது என்று கண்டுபிடிக்க வைத்தது.

வாசிப்புத் தாளில் வந்த பத்தி எனக்கு இன்றும் மனப்பாடம். ஏதோ பெரிய கதையிலிருந்து நடுவில் வெட்டி எடுத்தது. டிசம்பர் மாதக் கடைசி. பெரியவர் ஒருவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து நெருப்பைச் சுற்றி நிற்கிறார்கள். பெண்கள் பாடுகிறார்கள். பெரியவர் காலணியைக் கழற்றிவிட்டு நெருப்பை நோக்கி வருகிறார். அவ்வளவுதான். எந்த நாடு, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. கேள்வி: அவர்கள் ஏன் நெருப்பருகே கூடினார்கள்?

பீனிக்ஸில் பிறந்த பிள்ளையிடம் இதைக் கேட்டால் என்ன சொல்லும்? எங்களுக்குக் குளிர் ஜூலையில். டிசம்பரில் வியர்த்துக் கொட்டும், புயல் எப்போது வரும் என்று வானத்தைப் பார்ப்போம். அந்த வெயிலில் ஊரே கூடி நெருப்பருகே நிற்பது ஒன்றுக்குத்தான். கோயிலில் தீமிதி. பெரியப்பா வருஷா வருஷம் கையில் காப்புக் கட்டி, கரேம் இருந்து, தீ மிதிப்பவர். கரேம் என்று நாங்கள் சொல்வது விரதத்தை. சாப்பிடாத பெரியவர், பாடுகிற பெண்கள், கழற்றிய காலணி! மங்கை தப்பே இல்லாத இங்கிலீஷில் எழுதினாள்: அவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறார், விரதம் இருக்கிறார், நெருப்பின் மேல் நடக்கப்போகிறார், ஊரார் அவருக்குத் துணையாக வந்திருக்கிறார்கள்.

நான் எழுதியது ஒரே வரி. குளிராக இருந்தது, அதனால் கூடினார்கள். எப்படித் தெரிந்தது? கூடப் படித்த மரி-ழொசேயின் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதன் மூடியில் பனி, கம்பளிக் குல்லாய், கணப்பு நெருப்பு, கீழே டிசம்பர் என்று எழுத்து. அந்த டப்பா என்னை ஏ பிரிவில் கொண்டுபோய் உட்காரவைத்தது. என் வாசிப்பு அல்ல.

இங்கிலீஷ் சொல்லித்தந்த மாம்ஸெல் ஜெனெவியேவ், மங்கையின் விடையை வகுப்பில் உரக்கப் படித்தாள். நெருப்பின் மேல் நடக்கப்போகிறார் என்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வகுப்பும் சிரித்தது. அதில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்த மாதம் கரேம் இருந்தவர்கள், அவர்களும் சிரித்தார்கள். மங்கை எழுந்து நின்றாள்.

"மாம்ஸெல், அதுல குளிர்னு எந்த வரியில இருக்கு?"

"டிசம்பர்னு இருக்கே, போதாதா?" என்றாள் மாம்ஸெல்.

மறுநாள் பெரியப்பா ரயில்வே கோட்டை மாட்டிக்கொண்டு தலைமையாசிரியர் மிசியே ரோபெரைப் பார்க்கப் போனார். மங்கையும் போனாள், அவள் கேட்டுக்கொண்டதால் நானும் கூடப் போனேன். மிசியே ரோபெர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், எங்கள் தெருப் பேச்சான கிரியோலிலேயே பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"மிசியே, என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியலைன்னு சொல்றாங்க. வீட்டுக்கு வர்ற இங்கிலீஷ் கடுதாசி எல்லாம் அவதான் படிச்சுச் சொல்றா" என்றார் பெரியப்பா.

மிசியே ரோபெர் தாளைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் காப்பைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டிசம்பர் நெருப்பு, மிசியே. வர்ற ஞாயித்துக்கிழமை மிதிக்கிறேன்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "கேம்பிரிட்ஜில் திருத்துகிறவருக்கு இது தெரியாதே, மிசியே வீரசாமி. நான் யாரை அனுப்பினால் தேறுவார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்."

அப்போது மங்கை வாயைத் திறந்தாள். "கணக்குத் தாளும் இங்கிலீஷ்லதானே இருந்தது, மிசியே? தொட்டி, குழாய், ரயில், வட்டி, எல்லாமே கதை கதையா எழுதியிருந்தது. படிக்கத் தெரியாம எப்படி எல்லாத்தையும் போட்டேன்?"

வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. அந்தத் தாள் மேசை மேலேயே கிடந்தது. மிசியே ரோபெர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கணக்கை வைத்துப் பிரிக்கும் வழக்கம் இங்கே இல்லை" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வழக்கமாம்! ஜனவரியில் நான் ஏ பிரிவில் உட்கார்ந்து, எக்ஸ் என்றால் என்ன, ஒய் என்றால் என்ன என்று விழித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மங்கை பட்டன் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள். என் அல்ஜீப்ரா புத்தகத்தை இடைவேளையில் கேட்டு வாங்குவாள். ஏ பிரிவுப் புத்தகம் சி பிரிவில் இருக்கக்கூடாது என்று ஒருநாள் மாம்ஸெல் பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த பெரியப்பா, பட்டன் ஓட்டைக்கு எதற்குச் சம்பளம் கட்டவேண்டும், அதை வீட்டிலேயே தைக்கலாம் என்று அவளை நிறுத்திவிட்டார். அந்த வருஷமே நாலு வீடு தள்ளி லாரி ஓட்டும் பழனியாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினாறு வயது. பலவீனம் என்ற ஒரு சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவு தூரம் போகும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

நான் மூன்றாம் தரத்தில் தேறி மோகாவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஏதாவது கூட்ட வேண்டியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து மங்கையிடம் கொடுப்பேன். அவள் கல்லூரிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள், ஆம், அதே கல்லூரிக்குத்தான்.

தீவில் ரயில் ஓடுவதே நின்றுபோனது. பெரியப்பா காலமானார். இந்த மார்ச்சில் சுதந்திரம் வந்து கொடி மாறியது, நாங்களும் போய்க் கை தட்டினோம். அந்தப் பத்தி மட்டும் மாறவில்லை. மங்கையின் மகள் பார்வதி அதே கல்லூரியில் மூன்றாம் படிவம். போன வாரம் தீமிதிக்காக நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது ஓடிவந்தாள். பெரியப்பாவுக்குப் பதிலாக இந்த வருஷம் மங்கை காப்புக் கட்டியிருந்தாள்.

"அம்மா, எனக்கு ஏ!"

வாசிப்புத் தாளை நீட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். டிசம்பர், பெரியவர், காலணி. மங்கை நிதானமாகக் கேட்டாள்:

"ஏன் நெருப்புக்கிட்ட வந்தாங்களாம்?"

"குளிருக்கு" என்றாள் பார்வதி. முகத்தில் வழிந்த வியர்வையைப் பாவாடையால் துடைத்துக்கொண்டாள்.

"நீயா படிச்சுக் கண்டுபிடிச்சியா?"

"ஆயோ, இல்லைம்மா. டிசம்பர்னு வந்தா குளிர்னு எழுதுங்கன்னு மாம்ஸெல் சொல்லிக் கொடுத்துட்டாங்க. எல்லாரும் அதைத்தான் எழுதினோம்."

"இது அநியாயம், நான் நாளைக்கே அங்க போய்க் கேக்கறேன்!" என்று நான் கத்தினேன். மங்கை என்னைக் கண்டுகொள்ளவில்லை. தாளை மடித்து மகளிடமே கொடுத்தாள். காப்புக் கட்டிய கையால் அவள் தலையைத் தடவினாள்.

"ஏ பிரிவுக்கு அல்ஜீப்ரா புத்தகம் எப்போ தருவாங்க?"

"ஜனவரியிலம்மா."

"கொண்டு வந்தா, முதல்ல என்கிட்ட கொடு" என்றாள் மங்கை.