ஃபோர்மேன் குடியிருந்த குளம்

எங்கள் வீட்டு டிபன் கேரியரின் கீழடுக்கில் எப்போதும் ஒரு பாசி வாசம் இருந்தது. அம்மா சாம்பலும் புளியும் போட்டு எத்தனை தேய்த்தாலும் அது போனதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா, ஷிப்ட் முடிந்து எர்ணாவூருக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில் எந்தக் குட்டையைப் பார்த்தாலும் இறங்கிவிடுவார். காலையில் மீன் குழம்பு போன அடுக்கில் சாயங்காலம் தலைப்பிரட்டையோ, விரல் நீளக் கெண்டைக் குஞ்சோ, வேரோடு பிடுங்கிய அல்லிக் கொடியோ வந்து சேரும். "சோறு துன்ற பாத்திரத்துல இன்னா கலீஜ் இதெல்லாம்?" என்று அம்மா கத்துவதும், நைனா காதில் விழாதவர்போல நேரே தோட்டத்துக் குளத்துப் பக்கம் நடப்பதும் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டின் அன்றாட வழக்கம்.

அந்தக் குளத்தை யாரும் திட்டம் போட்டு வெட்டவில்லை. வீடு கட்டும்போது தரையை உயர்த்த மணல் தேவைப்பட்டது, பின்பக்கம் தோண்டினார்கள், ஆள் இடுப்பளவு இறங்கியதுமே ஊற்று வந்துவிட்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அது நல்ல தண்ணீர். அம்மா அதைப் "பள்ளம்" என்றுதான் சொல்வாள், மூடச் சொல்லித் தினமும் நச்சரிப்பாள். நைனா "அடுத்த ஞாயித்துக்கெழம" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மழைக்காலங்களை ஓட்டிவிட்டார். அதற்குள் கரையில் கோரை முளைத்து, தட்டாம்பூச்சிகள் வந்து, ஒரு மீன்கொத்தி எங்கள் துணிக் கொடியைத் தன் சொந்த இடமாக்கிக்கொண்டது. ஒரு ஆமை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் சதுப்பு நிலம். நைனா ஒருநாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து பின்சுவரின் அடியில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்து எடுத்தார், "வர்றது போறதுக்கு வழி வோணாமா?" என்றார். உடைந்த கட்டுமரத்தின் கட்டை ஒன்றைக் குளத்தில் பாதி முங்கும்படி சாய்த்துவைத்தார். யாருக்கு இந்த உபசாரம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. முதுகில் கட்டம் போட்ட ஒரு தண்ணிப் பாம்பு அந்த ஓட்டை வழியாக வந்து, கட்டைமேல் படுத்து வெயில் காய்ந்தது. அது வந்ததும் அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் அத்தனையும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன. "ஃபோர்மேன் ரவுண்ட்ஸ் வந்தா எங்காளுங்களும் இப்டித்தான்" என்று நைனா சொன்னதிலிருந்து அதற்குப் பெயர் ஃபோர்மேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுக் குளக்கரையில் குந்திக்கொண்டு, தவளைகள் எப்போது அடங்கும் என்று காத்திருப்பேன். எனக்குத் தெரிந்து என் வகுப்பில் வேறு யார் வீட்டிலும் பாம்பு கிடையாது. அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அம்மா மட்டும் ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். அவள் அப்போது நிறைமாதம். "வெளிய கெடக்குற வரிக்கும் கெடக்கட்டும். என்னிக்கு அது வாசப்படி தாண்டி உள்ள வருதோ, அன்னிக்கே பள்ளத்த மூடிடணும், ஆமா" என்றாள். நைனா சிலுவை போட்டுக்கொண்டு சத்தியம் செய்தார்.

பிரசவத்துக்குத் துணையாக ராயபுரத்திலிருந்து நைனாவின் அக்கா ரெஜினா அத்தை வந்து இறங்கினாள். கருவாட்டு வியாபாரி, குரலும் உடம்பும் பெரிது, பக்தி அதைவிடப் பெரிது. கூடையோடு வந்தவள் முதல் நாளே ஃபோர்மேனைப் பார்த்துவிட்டாள். "புள்ள பொறக்கப்போற வூட்ல பாம்பாடா வளக்குற, சூச? அறிவு கீதா உனுக்கு?" என்று நைனாவைப் பெயர் சொல்லி அவள் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுக் காதர் பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "அது ஒண்ணும் பண்ணாதும்மா, எங்க வூட்டுப் பக்கம்கூட வரும்" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். அத்தை அடங்குகிற ஆளா?

ஞாயிற்றுக்கிழமை அவள் ராயபுரம் போய்ப் பங்குச் சாமியாரிடம் ஒரு கைப்பிடி உப்பை மந்திரித்து வாங்கி வந்தாள். வீட்டைச் சுற்றி மந்திரித்த உப்பைத் தூவினால் கெட்டது அண்டாது என்பது எங்களவர்களின் நம்பிக்கை. சாமியார் சொன்னதும் தூவத்தான். ஆனால் அத்தைக்குக் கைப்பிடி போதவில்லை. புனிதமான உப்பை எதோடு கலந்தாலும் அதுவும் புனிதமாகிவிடும் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து, கருவாடு போட வைத்திருந்த அரைமூட்டைக் கல்லுப்பையும் கூடவே கொண்டுவந்திருந்தாள். கைப்பிடியை மூட்டையில் கலந்து, கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று சொல்லி, நாங்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மொத்தத்தையும் குளத்தில் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் கரைக்குப் போனபோது தவளைச் சத்தமே இல்லை. ஃபோர்மேன்தான் வந்திருக்கிறார் என்று கட்டையைப் பார்த்தேன், அது காலியாக இருந்தது. கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன, சில மல்லாந்து கிடந்தன. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன், கடல் தண்ணீர் தோற்றுவிடும். நான் ஓவென்று அழுதேன். அதே சமயம் அடுப்பங்கரையிலிருந்து அத்தையின் அலறல் கேட்டது.

நல்ல தண்ணீரைத் தேடி வந்த ஃபோர்மேன், குடிதண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஈர மணலில் சுருண்டு கிடந்தார். அத்தை தன் மீன்கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்து, கூடைமேல் அம்மிக்குழவியை வைத்திருந்தாள். பாம்பு வாசற்படி தாண்டிவிட்டது. நைனா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். குளம் போச்சு என்று நினைத்தேன். எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய நஷ்டம் தெரியாது.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெல்லத் தோட்டத்துக்குப் போனாள். தண்ணீரைத் தொட்டு அவளும் நாக்கில் வைத்தாள். திரும்பி வந்து, "அது தானா வர்ல அண்ணி. நீங்கதான் தொரத்தி வுட்டீங்க. அதோட வூட்ல உப்பக் கொட்டிட்டா அது எங்க போவும்?" என்றாள். பிறகு நைனாவிடம், "பாத்துகினு நிக்கிறீங்களே, எறைங்க!" என்றாள். அந்தக் குளத்தை அவள் "வூடு" என்று சொன்னது அன்றுதான் முதல்முறை.

நைனா வேலைக்கு லீவு போட்டார். காதர் பாய் இரண்டு மண்ணெண்ணெய் டின்னோடு வந்தார். உயிரோடிருந்த மீன்களையும் ஆமையையும் தொட்டியில் போட்டு, காதர் பாய் வீட்டு அடிபம்புத் தண்ணீரை நான் அடித்து நிரப்பினேன். அத்தை ஒரு ஓரமாக நின்று, "நா இன்னாத்தக் கண்டேன், நல்லதுன்னுதான செஞ்சேன்" என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். அன்று எங்கள் எல்லோரையும்விட அதிகம் இறைத்தது அவள்தான். இறைக்க இறைக்க மணலிலிருந்து புது ஊற்று கசிந்தது. அதையும் மறுநாள் ஒருமுறை இறைத்தோம். மூன்றாவது ஊறலை நாக்கில் வைத்துப் பார்த்து, "சரியாகீது" என்று தீர்ப்புச் சொன்னவள் அத்தை.

அதன் பிறகுதான் நைனா கூடைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, அப்படியே கரைக்குத் தூக்கி வந்து நிமிர்த்தினார். ஃபோர்மேன் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே சுவர் ஓட்டை வழியாகப் போய்விட்டார். பத்து நாளில் தங்கை பிறந்தாள். தவளைகள் திரும்ப வந்து, கேட்பாரில்லாத தைரியத்தில் நாளெல்லாம் கத்தின. நான் தினமும் கட்டையைப் பார்த்துவிட்டு ஏமாந்து திரும்பினேன்.

தங்கைக்கு ஞானஸ்நானம் முடிந்து, தோட்டத்தில் பாய் விரித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். திடீரென்று தவளைகள் அடங்கின. பந்தியும் அடங்கியது. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். பரிமாறிக்கொண்டிருந்த அத்தை கரண்டியோடு நின்று கட்டைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு எல்லாம் முழிக்கிறீங்க? அதுவும் விசேஷத்துக்கு வந்துகீது, துன்னுங்க" என்றாள்.

இப்போது நைனாவும் அம்மாவும் அத்தையும் இல்லை. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் கன்டெய்னர் லாரிகளை நிறுத்துகிறார்கள். நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏற ஏறக் குளம் வருஷத்துக்கு வருஷம் கரித்து, ஒரு கோடையில் வற்றி, பிறகு மூடப்பட்டது. அந்த வீட்டில் இருக்கும் தங்கைக்குக் குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. போன மாதம் அங்கே போனபோது போர் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு முகம் சுளித்தேன். "அத்த வந்துட்டுப் போயிருக்காங்க" என்று தங்கை சிரித்தாள். எங்கள் வீட்டில் தண்ணீர் கரித்தால் சொல்கிற வார்த்தை அது. நானும் சிரித்தேன், ஆனால் இந்த உப்பை இறைக்க அத்தையாலும் முடியாது.

பின்சுவரைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். அடியில் மட்டும் இரண்டு செங்கல் அகலத்துக்கு அந்த ஓட்டை அப்படியே இருந்தது. அடைக்காமல் விட்டுவிட்டார்களே என்றேன்.

"மேஸ்திரி அடைக்கத்தான் வந்தாரு. நாந்தான் வோணான்னுட்டேன்" என்றாள் தங்கை.