அண்ணரின் காதை அடைத்த மெழுகு

இதை எழுதலாமா, விடலாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். அண்ணர் உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் அவரே கிழித்துப் போட்டிருப்பார். அவர் ஆண்டவரின் பாதத்தை அடைந்து இன்றோடு ஒரு வருடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்தில் பிழையிருந்தால் உறவினரும் நண்பரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணர் மன்னார்த் தீவில், பேசாலையில், மூத்த மகனாகப் பிறந்தார். ஐயா கடலில் தவறிய பின் அம்மாவையும் எங்களையும் காப்பாற்றியவர் அவர்தான். சங்கு குளிப்பார், அரசாங்கம், எங்கள் பேச்சில் கவண்மேந்து, முத்துக்குளிப்பு அறிவித்தால் சிலாவத்துறைக்குப் போவார். கல்லோடு கீழே இறங்குகிறவரின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. அண்ணர் தம் கயிற்றை என்னைத் தவிர வேறெவரிடமும் கொடுத்ததில்லை.

ஒரு பங்குனியில் சிலாவத்துறையில் அவருக்குத் தடிமன் பிடித்தது.

"இண்டைக்கு நான் இறங்கேல்லையடா. மூக்கும் காதும் அடைச்சுக் கிடக்கு."

"நீங்கள் இறங்காட்டி நான் ஆற்ற கயித்தைப் பிடிக்கிறது? வள்ளத்தில குந்தி வெயில் காயவோ?" என்றேன். மற்ற வள்ளக்காரர் சிரிப்பார்களே என்பதுதான் என் கவலை.

தண்ணீர் புகாமல் காதை அடைத்தால் போதும் என்பது குளிகாரர் பலரின் எண்ணம். நானும் தேன்மெழுகை எண்ணெய் விட்டுப் பிசைந்து, அவருடைய இரண்டு காதுகளையும் பெருவிரலால் அழுத்தி இறுக அடைத்தேன்.

"போதுமடா, மூளைக்குள்ள போகப்போகுது" என்று சொல்லி இறங்கினார்.

கயிறு வழக்கத்தைவிட முந்தியே ஆடிற்று. இழுத்தெடுத்தேன். மூக்கிலும் இடக்காதிலும் இரத்தம். எழுந்து நிற்க முடியாமல் அவருக்குத் தலை சுற்றியது.

"காது திறந்திட்டுது. இனித்தான் இவர் முழுக் குளிகாரன்" என்று பக்கத்து வள்ளத்தில் ஒருவர் சொன்னார். காதில் இரத்தம் வந்தால் ஆழம் பழகிவிடும் என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம். வீட்டுக்கு வந்து உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அந்தக் காதில் விட்டோம். ஒரு கிழமையில் சீழ் வடிந்தது. மன்னார் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்போதிக்கரி ஐயா காதைப் பார்த்தார். "உள்ளுக்க மெழுகு ஒட்டிக் கிடக்கு. ஆர் வைச்சது?"



"நான்தான் ஐயா வைச்சனான்" என்றார் அண்ணர்.

"மூக்கிலயிருந்து காதுக்கு உள்ளால ஒரு வழி இருக்கு. தடிமனில அது அடைபடும். அதோட ஆழத்துக்குப் போனால் சவ்வு கிழியும். வெளியாலயும் அடைச்சால் இன்னும் கேடு. கிழிஞ்ச காதுக்குள்ள எண்ணெய் வேற. உமக்கு உம்மட காதில என்ன கோவம்?"

"கோவம் இல்லை ஐயா, புத்தி இல்லை."

இடக்காது பிறகு கேட்கவேயில்லை. இரைச்சல் மட்டும் கடைசிவரை இருந்தது. அண்ணர் மறுபடி குளிக்கவில்லை. கிழிந்த வலைகளைப் பொத்தியே தங்கச்சிமாரைக் கரைசேர்த்தார். பூசைக்குப் போனால் சுவாமியாருக்கு இடக்காதைக் காட்டி இருப்பார். "பிரசங்கம் நீண்டால் எனக்குக் கஷ்டமில்லை" என்பார். கேட்டவர்களிடமெல்லாம் தாமே காதை அடைத்ததாகச் சொன்னார்; தம் மனைவியான என் மச்சாளுக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை. ஒருநாள் நான், "அண்ணை, அண்டைக்கு அந்த மெழுகு..." என்று தொடங்கினேன். கேளாத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு வலையைப் பொத்தினார்.

போன வருடம் காய்ச்சலில் படுத்த பன்னிரண்டாம் நாள், சுவாமியாரின் கையால் அவஸ்தைப்பூசுதல் என்ற கடைசி எண்ணெய்ப் பூசுதலைப் பெற்று, அமைதியாகக் கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்த கிழமை, தடிமனோடு மெழுகு பிசைந்துகொண்டிருந்த ஒரு குளிகாரரைத் தடுத்தேன். "உம்மட அண்ணரே தன்ர காதை அடைச்சவர்தானே. அவருக்குத் தெரியாததோ உமக்குத் தெரியும்?" என்று கேட்டார். என்னைக் காப்பாற்ற அண்ணர் சொன்ன பொய், இப்போது மற்றவர்களின் காதைக் கெடுக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தடிமனோடு கடலில் இறங்காதீர்கள். காதை அடைத்துக்கொண்டு இறங்காதீர்கள். வடிகிற காதுக்குள் எண்ணெய் விடவோ கோழியிறகால் குடையவோ வேண்டாம். காது நனையாமல் பார்த்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

நோயில் துணைநின்ற அயலவருக்கும், செபித்த சுவாமியாருக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வாசிக்கத் தெரியாத குளிகாரருக்கு இதை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்துக் காட்டுங்கள். என்மேல் இரக்கப்பட்டு, அடைத்தவன் தம்பி என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.