கரைக்கே வராத பொருள்

கொட்டிவாக்கம் குப்பத்தில் ஜெனிதாவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. மீன் கூடையை டிவிஎஸ் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு காலையில் அடையாறு பக்கம் கிளம்பினாள் என்றால், சிக்னலில் நிற்கிற போலீஸ்காரரே ஒதுங்கி வழி விடுவார். காந்தி நகர் அடுக்குமாடி வீடுகளில் அவளுக்கு நிரந்தர வாடிக்கை. "நேத்து குடுத்த சங்கரா ஒரு மாதிரி வாடை அடிச்சுது" என்று யாராவது முகம் சுளித்தால், "மீனா அடிச்சிது, உங்க ஃப்ரிட்ஜா? தொறந்து காட்டுக்கா, பாப்போம்" என்று சமையலறை வரைக்கும் போய்விடுவாள். சண்டையும் சிரிப்புமாகத்தான் பேசுவாள். கடைசியில் வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டு அரைக் கிலோ கூடுதலாக வாங்குவார்கள். ஒருமுறை கடற்கரையில் மீன்கடைகளை அகற்ற வந்த அதிகாரிகளை ஒற்றை ஆளாக நின்று பேசியே திருப்பி அனுப்பியவள் அவள்.

அவள் புருஷன் ராபர்ட் நேர் எதிர். பேச்சே கிடையாது. கடல், வலை, ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் மாதா கோயில், அவ்வளவுதான். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து ஜெனிதாவே பேசிவிடுவாள்.

அன்று விடியலில் ராபர்ட்டும் அவன் தம்பி ஜான்சனும் வலை விட்டுவிட்டு ஃபைபர் படகில் காத்திருந்தார்கள். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. அப்போது வானத்திலிருந்து ஒன்று கீழே வந்தது. சத்தம் இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை. மாடியிலிருந்து கூடையைக் கயிறு கட்டி இறக்குகிற மாதிரி நிதானமாக வந்து தண்ணீரைத் தொட்டது. பின்னாளில் யார் கேட்டாலும் ராபர்ட் இதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "வுழல சார். எறங்குச்சு" என்பான்.

அது மிதந்து வந்து அவர்கள் வலையிலேயே சிக்கிக்கொண்டது. ஆட்டோ அளவுக்கு இருந்தது. கறுப்பு என்று சொல்லலாம், ஆனால் வெளிச்சம் ஏற ஏற நிறம் மாறியது. ஆணி இல்லை, ஒட்டு இல்லை, எழுத்து இல்லை. வலை கிழிந்துவிடக் கூடாதே என்று ராபர்ட் வலது கையை அதன் அடியில் கொடுத்து, கண்ணி கண்ணியாக வலையை விடுவித்தான். ஜான்சன் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதை எங்கே கொடுப்பது, யாரிடம் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

ஜெனிதா அதைக் கரையில் பார்த்தாள். அவளுக்கு நினைவிருப்பது ஒன்றுதான். கடலிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த பொருள், ஆனால் அதன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கை வைக்காமல் கயிற்றை இழுத்தே மணலில் புரட்டினார்கள், மணலும் ஒட்டவில்லை. குப்பமே கூடி நின்று போனில் படம் பிடித்தது.

வெயில் ஏறுவதற்குள் போலீஸ் வந்து சுற்றிலும் கயிறு கட்டியது. அதன் பின்னால் பெயர் எழுதாத இரண்டு வேன்கள் வந்தன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் தோள் வரைக்கும் கையுறை போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு உயரமான ஆள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அதட்டவே இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"இதை யார் யார் தொட்டீங்க?"

ராபர்ட் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். அந்த ஆள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தூக்கிய கையைத்தான் பார்த்தார். பிறகு, "சரி, வீட்டுக்குப் போங்க" என்றார்.

பொருளை ஏற்றினார்கள். கூடவே படகையும் வலையையும் ஏற்றினார்கள். போன்களை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுத்தார்கள். எதிலும் அன்றைய படம் ஒன்றுகூட இல்லை. மறுநாள் பேப்பரில் ஓரமாக ஒரு செய்தி: கடலில் வானிலை பலூன் விழுந்ததாம்.

படகு இல்லாததால் ராபர்ட் பக்கத்து வீட்டு வலையைத் தைத்துக் கொடுக்க உட்கார்ந்தான். ஜெனிதா டீ கொண்டு போனபோது வலையெல்லாம் ரத்தம். ஊசி கட்டைவிரலில் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அவன் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"யோவ், கையப் பாருய்யா!"

குனிந்து பார்த்தவன், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தான். "ஒண்ணுமே தெர்ல ஜெனி" என்றான்.

அதற்கப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் பூத்தன. மடக்க வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மாளவிகா என்று ஒரு டாக்டர், சின்ன வயசு. மற்றவர்கள் மாதிரி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், உட்கார வைத்து முழுக் கதையும் கேட்டாள். எல்லாப் பரிசோதனையும் செய்தாள். கடைசியில் சொன்னாள்: "அக்கா, நரம்பு சாகுது. எதனாலன்னு எனக்குப் பிடிபடல. அவர் தொட்டது என்ன பொருள்னு தெரிஞ்சா, நிறுத்த முடியுமான்னு பார்க்கலாம். அதை எடுத்துட்டுப் போனவங்ககிட்ட கேளுங்க. பேர் மட்டும் போதும்."

பேர் மட்டும்தானே, கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் ஜெனிதா நினைத்தாள். நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் அவளிடம் மீன் வாங்குகிறவர்தான்.

"எந்தப் பொருள்?" என்றார் அவர்.

"இன்னா சார் இது, கயிறு கட்னதே நீங்கதானே!"

"கரைக்கு அப்படி எதுவும் வரலம்மா."

"அப்ப எங்க படகு எங்க சார்?"

"அது விசாரணைல இருக்கு."

"வராத பொருளுக்கு இன்னா சார் விசாரணை?"

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் மேஜையைப் பார்த்தபடி, "எனக்கு மேல இருக்கறவங்க சொன்னதை நான் சொல்றேன். என்னைப் போட்டுப் புடுங்காதம்மா" என்றார். ஜெயித்துவிட்ட நினைப்பில்தான் ஜெனிதா வெளியே வந்தாள். வண்டியை உதைத்துக் கிளப்பும்போதுதான் உறைத்தது, டாக்டருக்குச் சொல்ல ஒரு சொல்கூடக் கையில் இல்லை.

பிறகு எங்கெங்கோ போனாள். மேலே மேலே இருக்கிற ஆபீஸ்களுக்கெல்லாம் போனாள். சில இடத்தில் உட்காரச் சொன்னார்கள், சில இடத்தில் வாசலோடு சரி. எல்லா இடத்திலும் அதே வாக்கியம். கரைக்கு எதுவும் வரவில்லை. டாக்டர் மாளவிகாவும் தன் பங்குக்கு யாரிடமோ கேட்டிருக்கிறாள். அடுத்த முறை போனபோது அவள் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே நான் கேக்க முடியாதுக்கா. ஆனா வைத்தியத்தை விடமாட்டேன்" என்றாள். அதற்குமேல் அவளைக் கேட்க ஜெனிதாவுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விஷயத்தைக் கேள்விப்பட்டு தி. நகரிலிருந்து பஞ்சாட்சரம் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பறக்கும் தட்டு, வேற்றுக் கிரகத்து ஆட்கள் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அவரைப் போலவே நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் கூடுவார்களாம். ராபர்ட் கையைப் பார்த்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லாத கண்ணீர்தான். "நான் கேட்டு வாங்கித் தரேம்மா. தகவல் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு" என்றார். ராபர்ட்டைப் பேசச் சொல்லி வீடியோவும் எடுத்துக்கொண்டார். "நாலு பேருக்குத் தெரிஞ்சா மறைக்க முடியாது" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு காலையில், மிட்டாய்ப் பெட்டியோடு வந்து நின்றார்.

"அம்மா, பதில் வந்துடுச்சு! ஜெயிச்சுட்டோம்!"

ஜெனிதா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னா பொருள்னு போட்ருக்கு ஐயா?"

"நாட்டின் பாதுகாப்பு கருதித் தகவல் தர இயலாதுன்னு போட்டிருக்கான். யோசிச்சுப் பாருங்க, வெறும் பலூன்னா பலூன்னு எழுதிட்டுப் போயிருப்பானே! மறைக்கிறான்னா என்ன அர்த்தம்? இருக்குன்னு ஒத்துக்கிட்டான்மா!"

அவள் மிட்டாய்ப் பெட்டியை வாங்கவில்லை.

"இத்த எடுத்துக்கினு போய் டாக்டராண்ட குடுத்தா, அவங்க இன்னா ஐயா மருந்து எழுதுவாங்க?"

பஞ்சாட்சரத்தின் முகம் விழுந்துவிட்டது. பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "மேல்முறையீடு பண்ணலாம்மா" என்றார் மெல்ல. பண்ணவும் பண்ணினார். அதற்கும் அதே பதில்தான் வந்தது.

வீடியோ மட்டும் நன்றாகப் பரவியது. ஏலியன் ராபர்ட் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பாலவாக்கம் பீச்சுக்கு வருகிற பையன்களும் பெண்களும் வீட்டு வாசலில் நின்று, "அண்ணா, கையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்று போனை நீட்டினார்கள். ராபர்ட் முதலில் காட்டினான். பிறகு கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினான்.

ஒருநாள் சாயங்காலம் குப்பத்தில் சத்தம். போய்ப் பார்த்தால், அவர்கள் படகு கரையில் நிற்கிறது. பக்கத்தில் ஜான்சன். ஜெனிதா ஓடினாள்.

"எப்டிடா குட்த்தாங்க?"

ஜான்சன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "கூப்ட்டு அனுப்ச்சாங்க அண்ணி. போனேன். அது மிதவதான். பழைய மிதவ, எங்கயோ அறுந்து வந்துட்ச்சி."

"மிதவயா? உங்கண்ணன் கையப் பாத்துட்டு சொல்லு, மிதவயா?"

"எனக்கும் புள்ளைங்க கீது அண்ணி" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதான். அவனை அடிக்கத்தான் ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்கி அவன் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தப் படகில் இப்போது ஜான்சன்தான் போகிறான். பங்கு மீனைத் தவறாமல் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கூப்பிட்டால்கூட உள்ளே வராமல் போய்விடுவான்.

வயிறு இருக்கிறதே, ஜெனிதா வியாபாரத்தை விடவில்லை. காந்தி நகரில் ஒரு அடுக்குமாடிக்கு ஸ்நேஹா என்று ஒரு பெண் புதிதாகக் குடிவந்திருந்தாள். நெத்திலி என்றால் உயிர், பேரம் பேசத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது கதவைத் திறந்தது அவள் புருஷன். கைலி, பனியன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

ஜெனிதாவின் கையிலிருந்த தராசு கீழே இறங்கியது. அந்த ஆளுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. பின்வாங்கிக் கதவைச் சாத்தப் போனவர், பாதியில் நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கை எப்படி இருக்கு?"

கேட்டதும் அவருக்கே தெரிந்துவிட்டது, கேட்டிருக்கக் கூடாதென்று. வீடியோவைப் பார்த்திருப்பாரோ என்றும் ஜெனிதாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை. அது முதல்நாளே தெரிந்தவனின் முகம்.

"அன்னிக்கி கரையிலயே தெரியும், இல்ல சார்? கையத் தூக்கனப்பவே தெரியும்." அவள் குரல் உயரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "நான் யாராண்டயும் சொல்லமாட்டேன் சார். மாதா மேல சத்தியம். பேர் மட்டும் சொல்லு. டாக்டரு பேர் மட்டும் போதும்னு சொல்லுச்சு."

அவர் உதடு அசைந்தது. ஏதோ வரப்போகிறது என்று அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

உள்ளேயிருந்து ஸ்நேஹாவின் குரல் வந்தது: "யாருங்க? மீன்கார அக்காவா?"

"ஆமா, இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் அவர். அப்புறம் ஜெனிதாவிடம், "என் பொண்டாட்டிக்கிட்டகூட நான் பேச முடியாதும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மூடிய கதவின் முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். கத்தியிருக்கலாம், மாடி மாடியாக ஆளைக் கூட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் பயந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவருக்கு மேலேயும் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே இன்னும் யாரோ. எந்தக் கதவில் போய்க் கத்துவது? அடுத்த வாரம் அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. "அசோசியேஷன்ல சொல்லிட்டாங்கக்கா" என்றான். ஸ்நேஹா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகவும் சொன்னான்.

ராபர்ட்டின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பரவாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை என்றாள் மாளவிகா. சொல்லும்போது டாக்டர் மாதிரி இல்லை, தப்புச் செய்தவள் மாதிரி இருந்தாள். காந்தி நகரில் அந்த ஆளைப் பார்த்ததை ஜெனிதா புருஷனிடம் சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா கீறாரா அவரு? அவரும் தொட்டிருப்பாரு, பாவம்" என்றான்.

போன வாரம் ஒரு மத்தியானம், அவன் இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜெனிதா எதிரில் உட்கார்ந்து குழம்பு ஊற்றினாள். மீனில் முள் எடுக்கப்போன அவன் விரல்கள் நழுவின. மறுபடி எடுத்தான், மறுபடி நழுவியது. அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையைத் தட்டிலேயே ஓய்வாக வைப்பது போல வைத்துக்கொண்டான். அந்த இடது கைச் சுண்டுவிரல் ஓரத்திலும் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்துவிட்டு, மீனைப் பிய்த்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறந்தான்.